கலியபெருமாள் அடித்த ஏழாவது வரி

செய்தி ஒரு சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு வந்தது. நான் அப்போது மின்கம்பங்களுக்குப் போகும் பீங்கான் குமிழ்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுட்டு ஆறிய சாமானை மரக்குச்சியால் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மொத்தையாக ஒலித்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளே இருக்கிறது என்று பொருள். இந்த வேலையின்போது நான் போனை எடுப்பதில்லை. மூன்றாவது முறை அடித்தபோது எடுத்தேன். ஜங்ஷன் ரோட்டு லாட்ஜில் இப்போது கவுண்டரைப் பார்த்துக்கொள்ளும் சுகந்தி பேசினார்.

"மேஸ்திரியய்யா, மேனேஜர் போயிட்டாருங்க. காலையில டீ குடிச்சிட்டு சேர்ல சாஞ்சவரு, அப்படியே."

சரி என்றேன். மீதியிருந்த குமிழ்களையும் தட்டி முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். பாதியில் விட்டால் எது தட்டியது, எது தட்டாதது என்று தெரியாமல் போய்விடும். இதைக் கல்நெஞ்சு என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். என் சாவுச் செய்தி கலியபெருமாளுக்குப் போயிருந்தால், அவரும் எதிரில் நிற்கும் ஆளுக்கு ஊரில் எதை முதலில் பார்க்க வேண்டும் என்று முழுதாகச் சொல்லி அனுப்பிவிட்டுத்தான் செருப்பைத் தேடியிருப்பார்.

அவருடைய படத்திறப்புக்கு லாட்ஜ் முதலாளி குடும்பத்தார் சிறு நினைவு மலர் ஒன்று போடுகிறார்கள். எனக்கும் இரண்டு பக்கம் தந்திருக்கிறார்கள். மேடையில் பேசக் கூப்பிடவில்லை. நான் பேசினால் என்ன பேசுவேன் என்று அவர்களுக்குப் பயம் என்று நினைக்கிறேன். நான் ஐந்தாவதுக்கு மேல் படித்தவனில்லை. பீங்கான் சாமான்களைச் சுற்றிக் கட்ட வந்த பழைய செய்தித்தாள்களைப் படித்துத்தான் எழுதக் கற்றேன். அதனால் எழுதுவதில் எனக்கு யாருடைய தயவும் வேண்டியதில்லை. இரண்டு பக்கத்துக்கு மேல் போகும். குறைக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருக்கும் போஸ்டரில் அவரைத் தெய்வப் பிறவி என்று போட்டிருக்கிறார்கள். அவர் அப்படியெல்லாம் இல்லை. பிடிவாதக்காரர். ஒரு லாட்ஜின் மேனேஜராக இருந்து, வெளியூரிலிருந்து விருத்தாசலம் வருகிறவர்களுக்கு இந்த ஊரை எப்படிப் பார்ப்பது என்று நாற்பது வருடத்துக்கு மேல் சொல்லிக்கொண்டிருந்தார். அது அவருடைய வேலை இல்லை. யாரும் அவரைக் கேட்கவும் இல்லை. இந்த ஊர் ஜங்ஷன் என்பதால் ஒரு வண்டியிலிருந்து இறங்கி இன்னொரு வண்டிக்குக் காத்திருப்பவர்கள் எப்போதும் உண்டு. சாவி வாங்க வருகிறவரிடம் அவருடைய முதல் கேள்வி பெயர் என்ன என்பதல்ல.

"ஒங்களுக்கு எவ்ளோ நேரம் இருக்குதுங்க?"

இரண்டு மணி நேரம் என்றால் ஒரு வழி, அரை நாள் என்றால் ஒரு வழி, ஒரு முழுப் பகல் என்றால் இன்னொரு வழி சொல்வார். "ஊரப் பத்திப் பெருமை பேசறதுக்கு அவங்க இங்க வரல மேஸ்திரி. அவங்க கையில இருக்கற நேரத்துக்கு ஏத்த மாதிரி ஊர வெட்டிக் குடுக்கணும். தையக்காரன் மாதிரி" என்று ஒரு முறை சொன்னார்.

எங்கள் பழக்கம் அந்தக் கவுண்டரில்தான் தொடங்கியது. என்னிடம் சாமான் எடுக்க வந்த வெளியூர் வியாபாரி ஒருவர் அங்கே தங்கியிருந்தார். நான் அவருக்கான பெட்டியை லாட்ஜ் வாசலில் வைத்து முகவரி எழுதிக்கொண்டிருந்தேன். கலியபெருமாள் உள்ளேயிருந்து வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அப்போது என் பெயர்கூட அவருக்குத் தெரியாது.

"எழுத்து நின்னு பேசுதே. எனக்கு ஒரு காயிதம் எழுதிக் குடுங்களேன். சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது."

அன்று மாலை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். விருத்தாசலத்தில் பார்க்க வேண்டியவை, வரிசைப்படி. முதல் வரியிலேயே எங்களுக்குள் தகராறு வந்தது. ராஜகோபுரத்திலிருந்து தொடங்கலாம் என்றேன் நான். அவர் ஆழத்துப் பிள்ளையாரை முதலில் போடச் சொன்னார். கோயிலுக்குள் தரைக்குக் கீழே படியிறங்கிப் போய்ப் பார்க்க வேண்டிய பிள்ளையார் அவர். சாமி கும்பிடுகிறவர்கள் எப்படியும் அங்கேதான் முதலில் போவார்கள் என்பது எனக்கும் தெரியும். பார்க்க வருகிறவர்களுக்கு எதற்கு என்று கேட்டேன்.

"மொதல்ல எறங்கட்டும். எறங்கிட்டு ஏறி வந்தவன் கோபுரத்தப் பாக்கறது வேற மாதிரி இருக்கும். நீங்க போய்ப் பாத்துட்டு வந்து எழுதுங்க."

போய்ப் பார்த்தேன். கீழே இருட்டுக்குக் கண் பழகி, படியேறி வெளியே வந்ததும் வெளிச்சத்தில் கோபுரம் சட்டென்று நின்றது. அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. ஆனால் இருந்தது என்று அவரிடம் சொல்லவில்லை. திரும்பி வந்து அவர் சொன்னபடி எழுதினேன், அவ்வளவுதான்.

இரண்டாவது வரி பழமலைநாதர் சந்நிதி. அந்தக் கோயிலில் எல்லாம் ஐந்து என்பது ஊருக்கே தெரியும். ஐந்து கோபுரம், ஐந்து பிராகாரம் என்று நான் எழுதத் தொடங்கியதும் கையைப் பிடித்துக்கொண்டார். எண்ண ஆரம்பித்தால் எண்ணிக்கொண்டேதான் இருப்பார்கள், பார்க்க மாட்டார்கள் என்றார். மூன்றாவது வரி இருபத்தெட்டு லிங்கங்கள் உள்ள தனிச் சந்நிதி. அதற்குப் பக்கத்தில், கல் சுடுவதற்கு முன் போகவும் என்று சேர்க்கச் சொன்னார். நான்காவது மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர். ஐந்தாவது ஸ்ரீமுஷ்ணம் பூவராகர், அரை நாளுக்கு மேல் உள்ளவர்களுக்கு மட்டும். ஆறாவது மங்கலம்பேட்டைக் கடைத்தெரு, மாலையில். வளைகுடாவிலிருந்து ஆட்கள் ஊருக்கு வந்திருக்கும் மாதங்களில் அந்தத் தெருவில் அத்தர் வாசனை பஸ்ஸுக்குள்ளேயே வரும் என்பார்.

சேத்தியாத்தோப்பு அணைக்கட்டையும் போடலாம் என்றேன். ஆறு பார்க்க அங்கே அனுப்பினால் இங்கே இருக்கும் மணிமுத்தாறு கோபித்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டார். நம் ஆற்றில் தண்ணீரே இல்லையே என்றேன். "தண்ணி இருந்தா ஆறு, இல்லாட்டி மைதானம். ரெண்டும் பாக்கற மாதிரிதானே இருக்குது" என்றார். இப்படிப்பட்ட ஆளோடு நியாயம் பேச முடியாது.

ஏழாவது வரியை அவராகத்தான் சொன்னார். பீங்கான் தொழிற்பேட்டை, சூளை மேஸ்திரியைக் கேட்கவும். மேஸ்திரி என்றால் நான். என் பெயருக்காக அவர் அதைச் சேர்க்கவில்லை. அதற்கு அவர் சொன்ன காரணம் வேறு.

இறந்தவர்களின் சாம்பலைக் கரைக்க மணிமுத்தாற்றுக்கு ஆட்கள் வருவது உங்களுக்குத் தெரியும். காரியம் முடிந்து, குளித்து, ஈரத்துணியோடு லாட்ஜுக்கு வருவார்கள். வண்டிக்கு நான்கைந்து மணி நேரம் இருக்கும். தீட்டு என்பதால் கோயிலுக்குப் போக மாட்டார்கள். கடைத்தெருவுக்குப் போக அவர்களுக்கு மனசு இருக்காது. கலியபெருமாளின் காகிதத்தில் முதல் ஆறு வரியும் அவர்களுக்கு ஆகாது.

"அவங்களுக்கும் நேரம் இருக்குதுல்ல. அவங்கள எங்க அனுப்பறது? ஒங்க எடத்துல ஏதாவது ஒண்ணு உருவாயிக்கிட்டே இருக்குது. ஒக்காந்து பாக்கட்டும். யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

அப்படியே நடந்தது. அந்தக் காகிதம் கவுண்டர் மேஜையின் கண்ணாடிக்கு அடியில் போனது. கரைத்துவிட்டு வருகிறவர்களை அவரே சைக்கிளில் முன்னால் போய், பின்னால் ரிக்‌ஷாவிலோ ஆட்டோவிலோ அவர்கள் வர, என்னிடம் விட்டுவிட்டுப் போவார். நான் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைப்பேன். அச்சிலிருந்து சாமான் கழன்று வருவதைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். சிலர் பேசுவார்கள். பெரும்பாலும் பேச மாட்டார்கள். மாலையில் எழுந்து வண்டிக்குப் போவார்கள். பல வருடம் இப்படிப் போயிற்று.

இனிச் சொல்லப் போவதைத்தான் குறைக்கக் கூடாது என்றேன்.

ஒரு நாள் சேலம் பக்கத்திலிருந்து ஓர் அம்மாவை அழைத்துவந்தார். பள்ளிக்கூடத்து டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவரின் சாம்பலைக் கரைக்கத் தனியாக வந்திருந்தார். மகன் வெளிநாட்டில் இருந்தான். கலியபெருமாள் அன்று உடனே திரும்பவில்லை. சைக்கிளை நிறுத்திவிட்டு வாசலில் நின்று யாரோடோ பேசிக்கொண்டிருந்தார்.

அன்று சூளை ஆறிக்கொண்டிருந்தது. சூடு ஏற்றி முடித்த பிறகு சூளையை இரண்டு நாள் தொடக் கூடாது. அதன் வாயைச் செங்கல் அடுக்கி, மண் பூசி மூடியிருப்போம். உள்ளே நெருப்பு இல்லை என்றாலும் சாமான் சிவந்துதான் இருக்கும். அந்த நிலையில் குளிர்காற்று உள்ளே போனால் அத்தனையும் வெடித்துப்போகும். தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் எல்லோருக்கும் சொல்லித் தருவது இது. அன்று உள்ளே இருந்தது என் சாமான் மட்டுமல்ல. சூளை பொதுவானது. பொம்மையும் விளக்கும் செய்கிற மூன்று சிறு பட்டறைக்காரர்களுடைய சாமான் இருந்தது.

அந்த அம்மா ரொம்ப நேரம் மூடிய சூளையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, உள்ளே இப்போது எப்படி இருக்கும் என்று கேட்டார். சிவப்பாக இருக்கும் என்று சொல்லியிருக்கலாம். நான் எழுந்து போய்ச் சூளை வாயிலிருந்து இரண்டு செங்கல்லை உருவினேன். எதற்காக உருவினேன் என்று எனக்கு இன்று வரை சரியாகத் தெரியாது. முப்பது வருட அனுபவம் இருந்தது, எனக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்திருக்கலாம். அந்த அம்மா எதையாவது பார்த்துவிட்டுப் போகட்டும் என்றும் நினைத்திருக்கலாம். அவர் குனிந்து பார்த்தார். முகத்தில் அந்தச் சிவப்பு விழுந்தது. உள்ளே கிண், கிண் என்று சத்தம் கேட்டது. பிறகு தொடர்ந்து கேட்டது.

சத்தம் பட்டறைக்காரர்களுக்கும் கேட்டுவிட்டது. ஓடிவந்தார்கள். நான் செங்கல்லைத் திரும்ப வைத்துக்கொண்டிருந்தேன். யார் எடுத்தது என்று கேட்டார்கள். "லாட்ஜுலேர்ந்து வந்தவங்க கைய வெச்சிட்டாங்க" என்றேன். வாயிலிருந்து அப்படித்தான் வந்தது. அவர்களில் ஒருவர், கரைக்க வந்த இடத்தில் இன்னொருவன் பிழைப்பையும் கரைத்துவிட்டுப் போகிறாயா என்று கேட்டுவிட்டார். அந்த அம்மா மறுக்கவில்லை. தான் கேட்டதால்தான் இது நடந்தது என்று நினைத்தாரோ என்னவோ, கையைக் கூப்பி, "தெரியாம நடந்துபோச்சுங்க, மன்னிச்சிடுங்க" என்றார். கலியபெருமாள் வாசலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருந்தார். உள்ளே வந்து அந்த அம்மாவை அழைத்துக்கொண்டு போனார்.

இரண்டு நாள் கழித்துச் சூளையைத் திறந்தோம். பாதிக்கு மேல் மொத்தையாக ஒலித்தது.

அன்று மாலை லாட்ஜுக்குப் போனேன். ஏழாவது வரி அடிக்கப்பட்டிருந்தது. கறுப்பு மையில், ஸ்கேல் வைத்து, ஒரே கோடு. கோட்டுக்கு அடியில் என் எழுத்து அப்படியே படிக்கும்படி இருந்தது. என்ன இது என்றேன்.

"செங்கல்ல யாரு எடுத்தாங்கன்னு நான் ஒங்கள கேக்கல. அந்தம்மா எடுக்கல" என்றார்.

"என் வரிய அடிக்கறதுக்கு நீங்க யாரு?"

"சொன்னவன் நான். எழுதினதுதான் நீங்க." பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். "யாரு எடுத்தாங்கன்னு நீங்களே இந்தக் காயிதத்துல எழுதுங்க மேஸ்திரி. அன்னிக்கே புதுசா ஒண்ணு எழுதிக் கண்ணாடிக்கு அடியில வெச்சிடலாம். அதுவரைக்கும் அங்க யாரையும் அனுப்ப மாட்டேன். இன்னொருத்தர் மேல பழி விழ விடமாட்டேன்."

எழுத மாட்டேன் என்றேன். அழிக்க மாட்டேன் என்றார். புதிதாக வேறு யாரையாவது வைத்து ஆறு வரி மட்டும் எழுதிக்கொள்ளவும் அவர் தயாராக இல்லை. அடித்த கோட்டோடு அந்தக் காகிதம் கண்ணாடிக்கு அடியிலேயே இருந்தது. வருகிறவர்கள் அது என்ன அடித்திருக்கிறது என்று கேட்பார்கள். "வேலை நடக்குது" என்பார்.

எனக்கு ஆத்திரம். பட்டறைக்காரர்களிடம் அவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதுவும் போதாமல் கொளஞ்சியப்பர் கோயிலில் அவர்மேல் பிராது கட்டினேன். வெளியூர்க்காரர்கள் இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தக் கோயிலில் சாமியிடம் முறையீட்டை வாயால் சொல்வதோடு நிற்பதில்லை. ஒரு தாளில் மனுவாக எழுதி, உங்கள் ஊருக்கும் கோயிலுக்கும் எத்தனை கிலோமீட்டர் என்பதையும் குறித்து, சாமி காலடியில் வைத்துப் பூசை செய்து, மடித்து நூலால் கட்டி முனியப்பர் சந்நிதி வேலில் தொங்கவிடுவார்கள். மூன்று மாதத்துக்குள் நியாயம் கிடைக்கும் என்பது நம்பிக்கை. கிடைத்ததும் போய் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். நான் பெரிய பக்தன் இல்லை. ஆனால் எழுதிக் கேட்கும் இடம் என்பதால் எனக்கு அது பிடிக்கும். லாட்ஜிலிருந்து வந்தவர்கள் சூளையில் கை வைத்தார்கள், அவர்களை அனுப்பிய கலியபெருமாள் என் வரியை அடித்துவிட்டார் என்று என் நல்ல கையெழுத்தில் எழுதினேன்.

எழுதிவிட்டு நேராகக் கவுண்டருக்கு வந்து, உங்கள் மேல் பிராது கட்டிவிட்டேன் என்றேன்.

"எத்தன கிலோமீட்டர் போட்டீங்க?"

"மூணு."

"அவ்ளோ கிட்டக்க இருக்கறவங்க மேலயா கட்டுவாங்க." சிரிக்காமல்தான் கேட்டார். பிறகு, "காலையில போனீங்களா? அங்க வெயிலுக்கு முன்ன போனாதான் நல்லாருக்கும்" என்றார். தன்மேல் பிராது கட்டப் போனவனுக்கும் எந்த நேரம் நல்லது என்று சொல்கிற ஆள் அவர்.

மூன்று மாதம் ஆயிற்று. மூன்று வருடம் ஆயிற்று. அதற்கு மேலும் ஆயிற்று. நியாயம் கிடைக்கவில்லை என்று அவரிடம் அவ்வப்போது சொல்லிக்கொண்டிருந்தேன். கிடைத்தால் சொல்லுங்கள் என்பார். எங்கள் பேச்சு நின்றுவிடவில்லை. மாலையானால் லாட்ஜ் வாசல் பெஞ்சில் போய் உட்காருவேன். டீ வரும். அரசியல், மழை, எந்த வண்டி எத்தனை மணி தாமதம், எல்லாம் பேசுவோம். அந்தக் காகிதத்தை மட்டும் விட்டுவிடுவோம். ஆனால் அவர் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு நாள்கூட வரவில்லை. முன்பெல்லாம் காலையில் சைக்கிளில் வந்துகொண்டிருந்தவர் அறவே நிறுத்திவிட்டார். அதை நான் அவமதிப்பாகவே எடுத்துக்கொண்டேன். காலையில் எங்கே இருக்கிறீர் என்று கேட்டால், வேலை இருக்கிறது என்பார். லாட்ஜில் காலையில் அப்படி என்ன வேலை என்று எனக்குத் தெரியாதா?

இரண்டு வருடம் முன்பு கவுண்டரைச் சுகந்தியிடம் கொடுத்தார். ஆனாலும் தினமும் வந்தார். இப்போது வருகிறவர்கள் கையில் போன் இருக்கிறது. ஒருவர் அதைக் காட்டி, எல்லாம் இதிலேயே இருக்கிறது பெரியவரே என்றாராம். கலியபெருமாள் ஆர்வமாக வாங்கிப் பார்த்தாராம். "வழியெல்லாம் கரெக்டா காட்டுதுங்க. ரயில்வே கேட்டுல பத்து நிமிஷம் நிக்கணும்னு அதுக்குத் தெரியல. கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு டீக்கடை இருக்குது, அங்க நில்லுங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாராம். அந்த ஆள் திரும்பி வந்து, டீ நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனதைச் சுகந்தி சொன்னார்.

சாவுக்குப் போய்விட்டு, மூன்றாம் நாள் லாட்ஜுக்குப் போனேன். அவர் படத்தை வைப்பதற்காக மேஜையை நகர்த்தியதில் கண்ணாடி உடைந்துவிட்டது. சுகந்தி அந்தக் காகிதத்தை ஒரு கவரில் போட்டு எடுத்து வைத்திருந்தார். மடிப்பில் கிழிந்திருந்தது. புதிதாக ஒன்று எழுதித் தர வேண்டும், வருகிறவர்கள் கேட்கிறார்கள் என்றார். ஆறு வரியா, ஏழு வரியா என்று கேட்டேன்.

"அத நீங்கதான் சொல்லணும். நான் ஒண்ணு கேக்கட்டுமாங்க? அந்த ஏழாவது எடம் எப்பதான் தெறப்பாங்க?"

என்ன சொல்கிறீர்கள் என்றேன்.

"கரைக்க வர்றவங்கள மேனேஜர் பின்னால வேப்பமரத்துக்குக் கீழ சேரு போட்டு ஒக்கார வெப்பாருங்க. வண்டி வர்ற வரைக்கும் இவரும் கூடவே ஒக்காந்திருப்பாரு. ஒண்ணும் பேச மாட்டாரு. ‘ஒங்கள அனுப்பறதுக்கு ஒரு எடம் இருக்குது, இப்ப மூடியிருக்குது, தெறக்கற வரைக்கும் இங்க ஒக்காருங்க’ன்னு மட்டும் சொல்லுவாரு. காலையில யாராச்சும் வந்துட்டா அவருக்கு வேற எங்கயும் போவ முடியாது."

லாட்ஜின் பின்பக்கம் நான் போனதே இல்லை. போய்ப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் இருந்தன. ஒன்றின் கால் உடைந்து கம்பி கட்டியிருந்தது. அது அவருடையது என்று சுகந்தி சொன்னார்.

மறுநாள் காலை, வெயிலுக்கு முன், கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போனேன். பிராதைத் திரும்பப் பெற வந்திருக்கிறேன் என்றேன். கோரிக்கை நிறைவேறிவிட்டதா என்று கேட்டார்கள். இல்லை, பிராதே தவறு என்றேன். அப்படி யாரும் வந்து சொல்வதில்லை போலிருக்கிறது. எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதினேன். சூளையின் செங்கல்லை எடுத்தது நான். அந்த அம்மா இல்லை. கலியபெருமாள்மேல் குற்றம் இல்லை. மூன்று வரிதான். எழுத நேரம் ஆயிற்று.

ஒன்றை மட்டும் இப்போதும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஸ்கேல் வைத்து அடித்திருக்க வேண்டியதில்லை. காகிதத்தையே எடுத்துவிட்டிருக்கலாம். அத்தனை வருடம் வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்க்கும்படி வைத்தது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் உயிரோடு இருந்தால் இதை இன்று மாலையே அவரிடம் சொல்வேன். எடுத்திருந்தால் நீங்கள் மறந்திருப்பீர்கள் என்று அவர் சொல்வார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கும். அந்த டீச்சரம்மாவின் முகவரி லாட்ஜின் பழைய பதிவேட்டில் இருக்கிறதா என்று சுகந்தி தேடிக்கொண்டிருக்கிறார். அவர் இருக்கிறாரா, இல்லையா என்பது தெரியாது. முகவரி கிடைத்தால் அங்கேயும் மூன்று வரி எழுத வேண்டும்.

புதிய காகிதம் எழுதிவிட்டேன். முதல் ஆறு வரியும் அவர் சொன்னவை. ஒரு சொல்லும் மாற்றவில்லை. ஏழாவது வரி: பீங்கான் தொழிற்பேட்டை, சூளை மேஸ்திரியைக் கேட்கவும். அதற்குக் கீழே சின்ன எழுத்தில், சூளை ஆறும்வரை அதன் வாயைத் திறக்கக் கூடாது, முன்பு ஒருமுறை திறந்தவர் மேஸ்திரி, வந்தவர்கள் அல்ல என்று எழுதி, என் முழுப் பெயரையும் போட்டிருக்கிறேன். புதுக் கண்ணாடி போட்டாயிற்று. நீங்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். பட்டறைக்காரர்களில் இருவர் இப்போது இல்லை. இருக்கும் ஒருவர் போய்ப் படித்துவிட்டு வந்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குச் சொல்ல உரிமை உண்டு.

போன புதன்கிழமை சுகந்தி ஒருவரை அனுப்பினார். அப்பாவைக் கரைத்துவிட்டு வந்தவர். ஆட்டோவிலிருந்து இறங்கி எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார். ஸ்டூலை எடுத்துப் போட்டேன். "ஒங்களுக்கு எவ்ளோ நேரம் இருக்குதுங்க?" என்று கேட்டேன். நான்கரைக்கு வண்டி என்றார். இருக்கிறது, உட்காருங்கள் என்றேன்.

கலியபெருமாளிடமிருந்து எனக்கு வந்தது அந்தக் கேள்வி ஒன்று, அந்தப் பழைய காகிதம் ஒன்று. காகிதத்தின் கிழிந்த மடிப்பைப் பின்னால் ஒட்டி வைத்திருக்கிறேன். கோட்டை அழிக்கலாமே என்று சுகந்தி மை அழிக்கும் ரப்பரைக் கொடுத்தார். வேண்டாம் என்றேன். அது அவர் போட்ட கோடு.